கருத்துச் சொன்னதற்கு ஊர் விலக்கமா? – சட்டக் கேள்வி பதில்

கோயில் திருவிழாக் கணக்கைக் கேட்டு முகநூலில் எழுதினேன். ஊர்க்கூட்டம் போட்டு 25,000 ரூபாய் தண்டம் விதித்துவிட்டார்கள். கட்டும்வரை எங்கள் வீட்டாரோடு யாரும் பேசக் கூடாதாம், கடையில் சாமான் தரக் கூடாதாம். பேச்சுரிமை எனக்கு இல்லையா?
– வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

உங்கள் கருத்து பிடிக்காமல் ஒருவர் தானாகப் பேச்சை நிறுத்திக்கொண்டால் அது அவர் உரிமை. அதற்கு வழக்கு கிடையாது. ஆனால், கூடி உத்தரவு போட்டு, தண்டம் விதித்து, கடைக்காரரைத் தடுப்பது கட்டப்பஞ்சாயத்து. அது முற்றிலும் சட்டவிரோதம் என்று ஆறுமுக சேர்வை வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மகாராஷ்டிராவில் ஊர் விலக்கத்துக்கென்றே 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு: மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. இங்கேதான் பல புகார்கள் வீணாகின்றன. “எங்களை ஊரை விட்டு ஒதுக்கிவிட்டார்கள்” என்று மட்டும் எழுதினால், மனு ரசீதோடு தாசில்தார் பேச்சுவார்த்தைக்குப் போய்விடும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: “இந்தத் தேதி, இரவு எட்டு மணி, கோயில் மண்டபத்தில், இன்னார் ‘பணம் கட்டாவிட்டால் ஊருக்குள் நடமாட முடியாது’ என்றார், கேட்டவர்கள் இருவர்.” பணம் கேட்டு மிரட்டியதற்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 308, மிரட்டலுக்கு 351, வழி மறித்தால் 126. நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, விலக்கியவர்கள் அப்படி அல்லாதவர்கள் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பே குற்றம், பிரிவு 3(1)(zc).

நிலையத்தில் வழக்குப் பதியாவிட்டால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன் பிறகும் அசையாவிட்டால், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஸ்.பி. படியைத் தாண்டிப் போனால் மனு திரும்பிவிடும்.

ஒன்றில் கவனம் தேவை. “கணக்குக் காட்டவில்லை” என்பது கேள்வி. “பணத்தைத் தின்றுவிட்டார்” என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால், ஆதாரம் இல்லாதபட்சத்தில் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

கருத்துச் சொன்னதற்காக அதிகாரிகள் சமாதானக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்துவிடுமா?
– வாசகி, கரூர்

அவசரப்படாதீர்கள். ‘மாதொருபாகன்’ நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனை நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 2015 ஜனவரி 12 அன்று உட்காரவைத்து, நிபந்தனையற்ற மன்னிப்பும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறும் உறுதியும் வாங்கினார்கள். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் ஓர் எழுத்தாளர் ஒன்றரை ஆண்டு மௌனமாக்கப்பட்டார் என்பதை மறக்கக் கூடாது.

அழைப்பை எழுத்தில் கேளுங்கள், வழக்கறிஞரோடு போங்கள். அமைதி காக்கப் பிணைப்பத்திரம் கேட்டால், அதற்கு எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும்: கிடைத்த தகவல் என்ன, பிணைத்தொகை எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கூட்டமாக வந்து மிரட்டியவர்களை விட்டுவிட்டு, தனியாளிடம் மட்டும் பிணை கேட்பது அநியாயம். அதை அங்கேயே எழுத்தில் ஆட்சேபியுங்கள். ஆர்ப்பாட்டம் செய்வோம், வன்முறை நடக்கும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து பேச்சுரிமையை ஒடுக்கக் கூடாது என்பது 1989-இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. மிரட்டலில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? மறுநாளே, எந்தச் சூழலில் போட்டீர்கள் என்று பதிவுத் தபாலில் எழுதி அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் மிரட்டலுக்கு ஸ்கிரீன்ஷாட் போதுமா?
– வாசகர், மதுரை

போதாது. எண், தேதி, குழுவின் பெயர் தெரியும்படி திரையைக் காணொளியாகப் பதியுங்கள். உரையாடலை ஏற்றுமதி செய்து வையுங்கள். அந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். நீதிமன்றத்தில் பாரதிய சாட்சிய சட்டம் 63(4)-இன்படி சான்றிதழ் வேண்டும். முதல் பகுதியில் நீங்களும் இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்ம அடையாளம்) குறிக்கப்பட வேண்டும்.

ஒரே கருத்துக்காகப் பல ஊர்களில் வழக்குப் போட்டால்?
– வாசகி, சேலம்

திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-இல் பேசியதற்காக நடிகை குஷ்பு மீது 23 வழக்குகள் தொடரப்பட்டன. புகார் கொடுத்தவர்கள் யாரும் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் அல்ல என்று சொல்லி, 2010 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. ஆகவே ஒவ்வொரு ஊராக வாய்தாவுக்கு அலையாமல், ரத்து கோரி உயர் நீதிமன்றம் போங்கள். இப்போது அது, குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 528. பேச்சு தொடர்பான வழக்கில், மூன்று முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றமென்றால், பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அளித்த இம்ரான் பிரதாப்கடி தீர்ப்பு சொல்கிறது. அதைச் செய்யாமல் பதிந்திருந்தால், மனுவில் முதலில் அதையே எழுதுங்கள்.