கொல்லைப்புறச் சுவருக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் வீடு. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு மாடி வீடு வந்துவிட்டது. கொல்லையில் துணி துவைக்கவோ தலைக்கு ஊற்றவோ கூச்சமாக இருக்கிறது. மூன்று பக்கமும் சேர்த்து 110 அடி நீளத்துக்கு, 6 அடி உயரத்தில் மறைப்பு வேண்டும். ஹாலோ பிளாக் சுவருக்கு 1,98,000, ரெடிமேட் சிமென்ட் பலகைக்கு 1,05,000, தகர ஷீட்டுக்கு 79,000 என்று விலை சொல்கிறார்கள். பிளாக் சுவர்தான் நிரந்தரம் என்கிறார் மாமனார். கையில் 30,000 இருக்கிறது. மகள் படிப்புக்கென்று போட்ட 2 லட்சம் டெபாசிட்டை உடைப்பதா, 14 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்குவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். எந்தப் பொருள் என்பதற்கு முன்னால், எந்தப் பக்கம் யார் கண் படுகிறது என்று பார்த்துவிடுவோம். நான் கேட்டதற்கு நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று பக்கமும் மூன்று விதமாக இருக்கின்றன. பின்பக்கம் 30 அடி, அங்கேதான் மாடி வீடு. தெற்கே 40 அடி, ஆள் நடக்கும் சந்து. வடக்கே 40 அடி, உங்கள் கொழுந்தனாரின் மாந்தோப்பு.

மாடி வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 15 அடி உயரத்தில் இருக்கும். அந்த வீடு உங்கள் எல்லையிலிருந்து 10 அடி தள்ளி இருக்கிறது, துவைக்கிற கல் எல்லையிலிருந்து 20 அடி உள்ளே. 6 அடிச் சுவரின் தலையைத் தாண்டி வரும் பார்வை, சுவரிலிருந்து ஏழாவது அடிக்குள்ளேயே உங்கள் மண்ணைத் தொட்டுவிடும். கல்லருகே நிற்கிற 5 அடி ஆளை மறைக்க வேண்டுமானால் சுவர் ஏறக்குறைய 12 அடி எழும்ப வேண்டும். அதாவது 1,98,000 செலவழித்த பிறகும் கூச்சம் அப்படியே இருக்கும். மாமனார் சொன்ன நிரந்தரம் அதற்குத்தான் பொருந்தும். (அவரிடம் இந்த வரியைக் காட்ட வேண்டாம்.)

அந்தப் பக்கம் தேவைப்படுவது சுவர் இல்லை, தலைக்கு மேல் ஒரு கூரை. கல்லுக்கு மேலே 10 அடிக்கு 8 அடி சார்ப்பு, மாடியைப் பார்த்த பக்கம் மட்டும் இடுப்பு உயரம் வரை இறங்கும் தடுப்பு. உள்ளூர் வெல்டரிடம் கேளுங்கள். 20,000 ரூபாயைத் தாண்டினால் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். கல்நார் சிமென்ட் ஷீட் மலிவு என்று தள்ளப் பார்ப்பார்கள். வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது, வேண்டாம்.

சந்துப் பக்கம் வேறு கதை. அங்கே நடப்பவரின் கண் உங்கள் கண் மட்டத்தில் இருக்கிறது. 6 அடி மறைப்பு முழுப் பலன் தரும். தகரம் போடாதீர்கள். 6 அடித் தகரம் என்பது காற்றுக்கு விரித்த பாய். குழாய்க் கால் மண்ணைத் தொடும் இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும், ஆடிக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். என் வீட்டில் போட்ட தகரம் மூன்றாவது ஆடியில் பக்கத்துத் தக்காளிக் காட்டில் கிடந்தது. தக்காளிக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

ஆகவே சந்துக்கு ரெடிமேட் பலகை. உங்களுக்குச் சொன்ன விலைப்படி சதுர அடிக்கு ஏறக்குறைய 160 ரூபாய் வருகிறது. 240 சதுர அடிக்கு 38,400. பிளாக் சுவரை விட நான் இதை விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் பக்கம் இரண்டடி தோண்டினாலே பாறை தட்டும் நிலம் அதிகம். சுவருக்கு 40 அடியும் அஸ்திவார வாணம் தோண்ட வேண்டும், பலகைக்குக் கால் நடும் குழி மட்டும் போதும். நாளைக்கு எல்லையில் ஓர் அடி தகராறு வந்தால் பலகையைக் கழற்றி நகர்த்தலாம், பிளாக்கை இடிக்கத்தான் வேண்டும். தகராறே வராமலிருக்க, வேலைக்கு முன் பட்டாவையும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் நில அளவைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

விலைச் சீட்டு பழையது என்றால் மறுபடி வாங்குங்கள். சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது.

தோப்புப் பக்கம் ஆறு கல்கால், நான்கு வரிசைக் கம்பி, ஓரமாக ஆடாதொடையும் நொச்சியும். கருங்கல்லுக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு வேலிக்காலுக்கு இரும்பு வாங்குவானேன்? கல்கால் துருவும் பிடிக்காது, கரையானும் ஏறாது. ஆடாதொடையை ஆடு கடிக்காது என்பது பெயரிலேயே இருக்கிறது. அடர்ந்து வர இரண்டு மழைக்காலம் ஆகும். அதுவரை பச்சை வலை கட்டுங்கள். 15,000 ஒதுக்கினால் போதும்.

மொத்தம் 73,400. கையிலிருக்கும் 30,000 போக 43,400 துண்டு விழுகிறது. டெபாசிட்டை உடைத்தால் வட்டியில் வெட்டு விழும், உடைத்த பணத்தைத் திரும்பப் போடுகிறவர்களும் குறைவு. அதே டெபாசிட்டின் பேரில் கடன் கேளுங்கள். பொதுவாக டெபாசிட் வட்டிக்கு மேல் ஒன்று, இரண்டு சதவீதம்தான் வைப்பார்கள், டெபாசிட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். 2 லட்சம் தனிநபர் கடன் என்றால் 14 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு மாதம் 6,836 ரூபாய் கட்டியிருப்பீர்கள், வட்டி மட்டும் 46,000 போயிருக்கும். அது சந்துப் பக்கப் பலகையின் விலையை விட அதிகம்.

கடிதத்தின் கடைசியில் மாங்காய்ப் பணம் வரும், அதில் அடைத்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2025-இல் பெங்களூரா மாங்காய் விலை எப்படி விழுந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதத் தவணையைக் கணவரின் சம்பளத்தில் கணக்குப் போடுங்கள், மாங்காய் வந்தால் முன்கூட்டியே அடையுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை. கொல்லையில் 6 அடி உயரத்துக்குக் கயிறு கட்டி ஒரு பழைய புடவையைத் தொங்கவிடுங்கள். பின் வீட்டு அம்மாவிடம் கேட்டு நீங்களே மாடி ஏறி நின்று பாருங்கள். முடிந்தால் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.