14 அங்குலச் சக்கர ஸ்விஃப்டுக்கு 15 போதும்

நண்பரே, உங்கள் 2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ-யின் 165/80 ஆர்14 டயர் ஒல்லியாகத் தெரிகிறது, 195/55 ஆர்16 போடலாமா, பின் சீட்டில் வரும் அம்மாவுக்கு முதுகுவலி என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு 185/65 ஆர்15-க்குத்தான். (எண்கள் வரிசையாக: டயர் அகலம் மி.மீ.-இல், பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் எத்தனை அங்குலம்.)

மூன்றுக்கும் மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ. என்பதால் ஸ்பீடோமீட்டர் மாறாது. குறைவது பக்கச்சுவர்தான், அதாவது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே உள்ள டயரின் உயரம்: இப்போது 132 மி.மீ., 15-இல் 120, 16-இல் 107. பள்ளத்தில் விழும் அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பரும் காற்றும்தான். அது குறைந்தால் மிச்ச அடி ரிம்முக்கும் அம்மா முதுகுக்கும் போகும். 15 அங்குலம் ஸ்விஃப்டின் மேல் மாடலான இசட்எக்ஸ்ஐ-க்குக் கம்பெனியே கொடுத்த அளவு. மட்கார்டு இடைவெளியில் பார்க்கவும் அழகாக உட்காரும்.

வெளிக்கடையில் அலாய் சக்கரம் வாங்கினால் அதன் நடு ஓட்டையைப் பாருங்கள். அந்த ஓட்டை உட்காரும் ஸ்விஃப்ட் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) 54.1 மி.மீ.; ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் கேட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம்.

அப்புறம், டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1025 என்றால் 2025-இன் 10-ஆவது வாரத் தயாரிப்பு. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.