கொரிய மொழியில் பொழுதுபோக்குகள் பற்றிய சொற்கள் மனத்தில் நிற்க என்ன செய்வது?

நாற்பது சொற்கள் கொண்ட பட்டியலை மூன்று முறை மனப்பாடம் செய்தேன், ஆனாலும் ‘உங்கள் சுவிமி என்ன?’ என்று யாராவது கேட்டால் ஒரு வாக்கியம்கூட வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சுவிமி என்றால் பொழுதுபோக்கு. உங்கள் பட்டியலில் ஒரு பக்கம் ஆங்கிலமும் மறுபக்கம் கொரியமும் இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் அப்படிப்பட்ட பட்டியலைப் படித்துவிட்டுத்தான் 2016 பிப்ரவரியில் ஆராய்ச்சிக்காகத் தென்கொரியாவின் தேஜோன் நகருக்குப் போனேன். அதனால் பட்டது இன்னும் மறக்கவில்லை. கோளாறு உங்கள் நினைவாற்றலில் இல்லை, பட்டியலில்தான் இருக்கிறது.

(கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒலி சற்று முன்னே பின்னே இருக்கும். ஹங்குல் என்ற கொரிய எழுத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.)

நான் தங்கியிருந்த அறைக்கு அருகே காப்சோன் ஆறு ஓடுகிறது. அதன் மேல் போகும் பாலம் ஒன்றின் அடியில், நிழலில், மாலை நேரத்தில் முதியவர்கள் ஜாங்கி ஆடுவார்கள். ஜாங்கி கொரியச் சதுரங்கம். எண்கோணக் காய்கள். ஒரு பக்கம் சோ, மறுபக்கம் ஹன், அதாவது பழைய சீனத்தின் இரண்டு அரசுகள். எனக்குச் சிறு வயது முதலே சதுரங்கத்தின் மேல் தீராத ஆசை. தினமும் போய் நின்று பார்ப்பேன். ஒரு நாள் ஒரு பெரியவர் திரும்பி, “ஹக்செங், சுவிமிகா முவோயா?” என்று கேட்டார். மாணவரே, உன் பொழுதுபோக்கு என்ன?

எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா! இந்தக் கேள்விக்காகத்தானே படித்து வைத்திருந்தேன். பட்டியலில் ‘விளையாடு’ என்று பொருள்படும் ‘ப்ளே’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ‘நோல்தா’ என்று போட்டிருந்தது. அதை எடுத்து, வார இறுதியில் செஸ் ‘நோல்கிறேன்’ என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “நோல்கிறாயா? பள்ளிக்குப் போவதில்லையா?” என்று கேட்டார். நோல்தா என்ற சொல்லுக்கு விளையாடுவது, பொழுதைக் கழிப்பது என்பதோடு வேலையில்லாமல் சும்மா இருப்பது என்ற பொருளும் உண்டு. கடல் கடந்து ஆராய்ச்சி செய்ய வந்தவன், ஊர் சுற்றுகிறேன் என்று சொன்னதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்தான் திருத்தினார்: “ஜாங்கியை யாரும் நோல்வதில்லை. தூதா.”

தூதா என்றால் வை. காயைப் பலகையில் வைப்பதால் ஜாங்கிக்கு அந்த வினை. ‘கோ’ என்று உலகம் அழைக்கும் பாதுக் என்ற பலகை ஆட்டத்துக்கும் அதே வினைதான். நான் போன அடுத்த மாதமே சோல் நகரில் கொரியாவின் பாதுக் வீரர் லீ செடோல் ஆல்பாகோ கணினி நிரலோடு ஐந்து பாதுக் ஆட்டங்கள் மோதினார். நான்கில் தோற்று, நான்காவது ஆட்டத்தில் மட்டும் வென்றார். சாப்பாட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் அந்த வாரம் முழுவதும் தூதா, தூதா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வெற்றிக்குக் காரணமான 78ஆவது நகர்வை ‘கடவுளின் ஒரு சு’ என்று கொண்டாடினார்கள். சு என்றால் ஒரு நகர்வு. இவ்வளவையும் கேட்ட பிறகும் பாலத்தடியில் எனக்கு வந்தது நோல்தாதான். பட்டியலில் படித்த சொல் அவ்வளவு ஆழமாக உட்கார்ந்துவிட்டிருந்தது.

அன்று இரவு அறையில் உட்கார்ந்து வேறு ஒன்றை யோசித்தேன். தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘விளையாடு’ என்றா சொல்கிறோம்? பட்டம் விடுகிறோம். தாயம் உருட்டுகிறோம். ஊஞ்சல் ஆடுகிறோம். வீணை வாசிக்கிறோம், குழல் ஊதுகிறோம், மேளம் கொட்டுகிறோம், நீச்சல் அடிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் கை என்ன செய்கிறதோ, வாய் என்ன செய்கிறதோ, அதுதான் வினை. கொரியமும் அப்படியே. குழலுக்கு ‘புல்தா’, அதாவது ஊது. பியானோ, கிதார், மேளம், டென்னிஸ், பேட்மிண்டன், சீட்டு எல்லாவற்றுக்கும் ‘ச்சிதா’, அதாவது அடி. நீச்சலுக்குக்கூட ‘ஹேஓம் ச்சிதா’ என்று ஒரு சொல் இருக்கிறது. நீச்சல் அடி! அதைக் கண்டுபிடித்த அன்று எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லை நடுவில் கொண்டுவந்து வைத்ததால் என் தாய்மொழியில் ஏற்கெனவே இருந்த பாதையை நானே அடைத்துக்கொண்டிருந்தேன்.

பம்பரத்தைப் பாருங்கள். நாம் கயிறு சுற்றி விடுகிறோம். அவர்கள் பம்பரம் சுழலும்போதே சாட்டையால் அடித்து அடித்துச் சுழல வைக்கிறார்கள். அதனால் அங்கே அதற்கும் ச்சிதா. வினையைக் கற்றால் ஆட்டமே கண்முன் வந்துவிடுகிறது. பெயர்ச்சொல்லை மட்டும் கற்றால் எதுவும் வராது.

இப்போது ஒரு கூட்டம் வரும், எனக்குத் தெரியும். ‘பார்த்தீர்களா, கொரியம் தமிழிலிருந்து வந்தது’ என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. அம்மா, அப்பா ஒத்துப்போவதை வைத்து மொழிக் குடும்பம் கட்ட முடியாது. 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. நான் சொல்வது படிக்கும் வசதியைப் பற்றி மட்டுமே. எல்லா இடத்திலும் பொருந்தும் என்றும் சொல்லவில்லை. வயலினை நாம் வாசிக்கிறோம். அவர்கள் ‘கியோதா’ என்கிறார்கள், மரம் அறுப்பதற்கும் அதே சொல். சைக்கிளுக்கு வரும் ‘தாதா’ பனிச்சறுக்குக்கும் ஊஞ்சலுக்கும் வரும், மலையேற்றத்துக்கும் வரும். இவற்றைத் தனியாகத்தான் கற்க வேண்டும்.

பாலத்தடிக்கு வருகிறேன். அந்தத் திருத்தத்துக்குப் பிறகு பெரியவர் எனக்கு இடம் கொடுத்தார். முதல் ஆட்டத்திலேயே யானையால் அடிபட்டேன். நம் யானை நேர்கோட்டில் போகும். ஜாங்கி யானையான ‘சாங்’ ஒரு கட்டம் நேராகப் போய், பிறகு இரண்டு கட்டம் சாய்வாகப் போகும். ‘போ’ என்ற பீரங்கி இன்னொரு காயைத் தாண்டித்தான் நகரும், ஆனால் இன்னொரு பீரங்கியைத் தாண்டாது. அரசனுக்கு முற்றுகை வைக்கும்போது “ஜாங்குன்!” என்று கத்த வேண்டும். தப்பிப்பவர் “மொங்குன்!” என்பார். ஆட்டத்துக்கு வெளியே நின்று யோசனை சொல்வதற்கு ‘ஹுன்சு’ என்று பெயர். அதைச் செய்து நான் திட்டு வாங்கினேன், ஆகவே அந்தச் சொல் சாகும்வரை மறக்காது. எந்தப் பாடப் பட்டியலிலும் இவை இல்லை. ஆனால் ஜாங்கி பிடிக்கும் என்று சொல்லிவிட்டு இவை தெரியாமல் இருந்தால் பேச்சு இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிடும். உங்களுக்கும் அதுதான் நடக்கிறது.

பட்டியல்களில் இன்னொரு குறை. ‘தொக்சோ’ என்று புத்தக வாசிப்புக்குச் சொல் தருகிறார்கள். அது விண்ணப்பப் படிவத்தில் எழுதும் சொல். நண்பரிடம் பேசும்போது புத்தகம் படிப்பது பிடிக்கும் என்று வினையோடு சொல்வதுதான் இயல்பு. ‘என் பொழுதுபோக்கு மலை ஏறுகிறேன்’ என்று தமிழில் சொல்ல மாட்டீர்கள், ‘மலை ஏறுவது’ என்பீர்கள். கொரியத்திலும் வினையை அப்படி மாற்றித்தான் முடிக்க வேண்டும். தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்தால் இந்தப் பிழை வராது.

இதைச் சொல்லும்போது என் அக்காள் மகள் நினைவுக்கு வருகிறாள். தொடர்கள் பார்த்துக் கொரியம் கற்கத் தொடங்கினாள். நகரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். அங்கே வகுப்பில் தமிழ் பேசக் கூடாது, ஐயங்களை ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்று விதி. தமிழ் வழியில் படித்த பெண், இரண்டு மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலோ ‘சீரியல் பைத்தியம்’ என்று சிரித்தார்கள். அவளுடைய அண்ணன் வேலைக்காக ஜெர்மன் படித்தபோது அதே உறவினர்கள் பாராட்டினார்கள். ஆசையால் ஒரு மொழியைக் கற்பது என்ன குற்றம்? அதுவும் பெண் பிள்ளையின் ஆசை என்றால் ஏன் இவ்வளவு ஏளனம்? என் பதிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்வீர்கள். இருக்கட்டும், எனக்கு ஆறவில்லை. அவள் இப்போது என்னிடம் தமிழ் வழியாகவே படிக்கிறாள். அஞ்சாங்கல் ஆட்டத்துக்குக் கொரியாவில் ‘கொங்கி’ என்று பெயர், அங்கேயும் ஐந்து கல்தான் என்று சொன்னபோது அவள் கண் விரிந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே அந்த நாற்பது சொல் பட்டியலை மூடி வையுங்கள். நீங்கள் உண்மையில் செய்கிற ஒன்றை மட்டும் எடுங்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று வினையோடு எழுதுங்கள், பிறகு அந்த வினைக்குக் கொரியத்தில் என்ன என்று தேடுங்கள். அதன் பிறகு அந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் தங்களுக்குள் பேசும் பத்துச் சொற்களைப் பிடியுங்கள். உங்கள் பொழுதுபோக்கு எது என்று கேள்வியில் சொல்லவே இல்லையே. கீழே எழுதுங்கள், அதற்குரிய வினை எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன்.