இரைப்பைப் புற்றுநோய் மிசோரமிலும் பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியிலும் அதிகமாக இருப்பது ஏன்?

முதலில், இது எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. குறிப்பிட்ட பகுதியில் வசிப்பவர்களுக்கு புதிதாக வரும் ஒவ்வொரு புற்றுநோயையும் பதிவு செய்வார்கள். முதியோர் அதிகமுள்ள ஊரில் புற்றுநோயும் கூடுதலாகத் தெரியும் என்பதால், வயது வேறுபாட்டைச் சரிசெய்த பிறகே ஊர்களை ஒப்பிடுவார்கள்.

அப்படி ஒப்பிட்டால் இரைப்பைப் புற்றுநோயில் மிசோரம் தலைநகரான ஐஸ்வால் நாட்டிலேயே முன்னணியில் நிற்கிறது. அங்கே அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையூட்டிய இறைச்சி, உப்பு போட்ட உலர்மீன், புளிக்கவைத்த பன்றிக் கொழுப்பான 'சாவும்' எல்லாம் வழக்கமான உணவு. புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்தித் தயாரிக்கும் 'துய்பூர்' என்ற நீரை வாயில் அடக்கி வைத்துத் துப்புவார்கள். இவற்றோடு இரைப்பையில் தொற்றும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. அந்தக் கிருமி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது; ஏனென்றால் அது இந்தியா முழுக்கப் பரவலாக இருக்கிறது.

உத்தரப் பிரதேசம், பீகார், டெல்லி, அசாம் பக்கம் பித்தப்பைப் புற்றுநோய் அதிகம், அதுவும் பெண்களுக்கு. தென்னிந்தியாவில் குறைவு. பித்தப்பைக் கல்லுக்கு முக்கியப் பங்குண்டு. நாள்பட்ட டைபாய்டு தொற்று, நிலத்தடி நீரிலுள்ள ஆர்சனிக் ஆகியவற்றையும் ஆராய்கிறார்கள்.

புற்றுநோய்ப் பரவலைக் காட்டும் வரைபடத்தில் வெளிர்நிறமாகத் தெரியும் மாவட்டத்தில் நோயே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில் பதிவேடே கிடையாது. என்னைப் பொறுத்தவரை பெரிய குறை இதுதான்.