மூவரில் என் தேர்வு மேக்ஸ்வெல்

வணக்கம். நியூட்டன், மேக்ஸ்வெல், ஐன்ஸ்டைன் ஆகிய இயற்பியலாளர்கள் மூவரில் ஒருவரைப் பற்றிக் கல்லூரிக் கருத்தரங்கில் பேச வேண்டும் என்றும், யாருடைய பங்களிப்பு பெரிது என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். புகழை விட்டுவிட்டு, ஒருவருடைய பணி பின்னால் வந்தவர்களுக்கு எந்த வழிகளைத் திறந்தது என்று பாருங்கள்.

அவ்வாறு பார்த்தால் நான் மேக்ஸ்வெல்லையே தேர்ந்தெடுப்பேன். மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831-இல் கண்டறிந்திருந்தார். அத்தகைய சோதனை முடிவுகளையெல்லாம் கணிதத்தில் கோத்த மேக்ஸ்வெல், 1865-இல் வெளியான கட்டுரையில், மின்காந்த அலையின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போவதைக் காட்டி, ஒளியே ஒரு மின்காந்த அலைதான் என்ற முடிவை முன்வைத்தார். அவர் 1879-இல் தம் 48-ஆம் வயதில் மறைந்த பிறகே இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் அந்த அலைகளை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

நியூட்டன் 1687-இல் இயக்கவியலுக்கு இட்ட அடித்தளத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுச் சார்பியல் கட்டுரையோ, காந்தமும் கடத்தியும் ஒன்றையொன்று சார்ந்து நகரும்போது மேக்ஸ்வெல்லின் கோட்பாட்டில் எழும் சிக்கலைச் சுட்டியே தொடங்குகிறது. உங்கள் உரையின் மையமாக அந்தத் தொடக்கத்தையே வைத்துக்கொள்ளலாம்.

பாடநூல்களில் மேக்ஸ்வெல்லின் பெயரில் உள்ள நான்கு மின்காந்தச் சமன்பாடுகளின் வடிவம் பின்னாளில் இயற்பியலாளர் ஹெவிசைடு சுருக்கியமைத்தது. மேக்ஸ்வெல் எழுதியவை இருபது. கருத்தரங்கில் இதை யாரேனும் கேட்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே தயாராக இருங்கள்.