தம்பியின் கழுத்துப் பிடியும் ‘கெங்கன் அஷுரா’வும்

கேள்வி: மாஸ்டருக்கு வணக்கம். என் மூத்த மகனுக்கு 15 வயது. இரண்டு வருடமாகக் கராத்தே வகுப்புக்குப் போகிறான். கொஞ்ச நாளாக ராத்திரியில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ‘கெங்கன் அஷுரா’ என்ற ஜப்பான் அனிமே (கார்ட்டூன் தொடர்) பார்க்கிறான். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ஒருவன் இன்னொருவன் கையை முறித்துக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கேட்டால், “ரத்தத்துக்காக நான் பார்க்கலம்மா, உனக்குப் புரியாது” என்கிறான். போன வாரம் தம்பியின் கழுத்தில் பின்னாலிருந்து கையைப் போட்டு ஏதோ ஒரு பிடி போட்டுப் பார்த்திருக்கிறான். சின்னவனுக்கு 10 வயது, முகமே சிவந்துபோனது. நான் இதை நிறுத்த வேண்டுமா? அப்படி என்னதான் இருக்கிறது இதில்? — ஒரு தாய், திருப்பூர்

பதில்: சகோதரி, அனிமே கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் சின்னவனின் கழுத்து.

கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் ஓடுகின்றன. பின்னாலிருந்து கையைச் சுற்றிப் போட்டால் முழங்கை மடிப்பு தொண்டைக்கு நேராக வரும். புஜம் ஒரு பக்கத் தமனியையும் முன்கை மறுபக்கத் தமனியையும் அழுத்தும். சரியாக விழுந்துவிட்டால் பத்து விநாடி போதும், நினைவு தப்பிவிடும். அதற்குப் பெரிய பலம் வேண்டாம், 15 வயதுப் பையனின் கை தாராளம். இதில் இன்னொரு சங்கடம், மூச்சு முட்டுவது போலவே இருக்காது. அதனால் பிடியில் இருப்பவனுக்குக் கத்தத் தோன்றாது, பிடித்திருப்பவனுக்கும் எல்லை தெரியாது. ஜூடோவில் இதே பிடி உண்டு. ஆனால் அங்கே இரண்டு தட்டு தட்டினால் அந்தக் கணமே விட வேண்டும் என்று முதல் நாளே பழக்கியிருப்பார்கள், சொல்லிக்கொடுப்பவர் கையெட்டும் தூரத்தில் நிற்பார். ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் போட்டிகளில் கழுத்தை நெரிக்கும் பிடிகளுக்கு அனுமதி கிடையாது. உங்கள் சின்னவன் அந்த வயதில்தான் இருக்கிறான்.

அதனால் இன்றைக்கே பெரியவனை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: வீட்டில் கழுத்தைத் தொடக் கூடாது, விளையாட்டுக்கும் கூடாது. காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், கராத்தே படிக்கிற பையனுக்குப் புரியும். அவனுடைய மாஸ்டரிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். சின்னவனுக்கு விழுங்கும்போது வலி, குரலில் மாற்றம், தலைவலி, தலைசுற்றல் என்று எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அவன் பார்க்கும் தொடருக்கு வருகிறேன். நான் முழுக்கப் பார்த்தது. சில சண்டைகளை என் பெரிய மாணவர்களோடு உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்ததும் உண்டு.

யபாகோ சாண்ட்ரோவிச் எழுத, தரோமியோன் வரைந்து 2012 முதல் 2018 வரை வந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் 24 பகுதிகளாக அனிமே ஆனது. தொடர்ச்சி 2023இலும் 2024இலும் வந்தது. கதையின் முடிச்சு இதுதான். ஜப்பானின் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் வரும் வியாபாரத் தகராறுகளைக் கோர்ட்டில் தீர்ப்பதில்லை. ஆளுக்கொரு சண்டைக்காரனை வேலைக்கு வைத்து, வெறுங்கையோடு மோதவிட்டுத் தீர்த்துக்கொள்கின்றன. எடோ காலத்து வணிகர்கள் தொடங்கிய ரகசிய வழக்கம் என்பது கதையில் சொல்லப்படும் கற்பனை. இந்த நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்தின் தலைவர் பதவிக்காக 32 பேர் மோதும் பெரிய போட்டிதான் தொடரின் உடல். ஆயுதம் கூடாது என்பதைத் தவிர விதி என்று சொல்ல அதிகம் இல்லை. எலும்பு முறியும், கண்ணில் குத்துவார்கள், சிலர் செத்தும் போகிறார்கள். நீங்கள் எட்டிப் பார்த்தது விதிவிலக்கான காட்சி இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும், “ரத்தத்துக்காகப் பார்க்கல” என்று உங்கள் மகன் சொன்னதை நம்புங்கள்.

32 பேர் மோதும் நாக்-அவுட் போட்டியில் 31 பேர் தோற்றே ஆக வேண்டும். நல்ல போட்டிக் கதை தன் நேரத்தைச் செலவிடுவது அந்த 31 பேரிடம்தான். கனேடா சுயேகிச்சி என்றொருவன் வருகிறான். பிறவியிலேயே ஒல்லி, உடம்பில் தெம்பு இல்லை. அவனிடம் இருப்பது ஒன்றே ஒன்று, எதிராளியின் அடுத்த அசைவை முன்கூட்டியே கணித்துவிடும் கண். முதல் சுற்றில் அவனுக்கு வாய்ப்பதோ காவோலாங் வோங்சவாட் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டைச் சாம்பியன். அடி எங்கே விழும் என்று கனேடாவுக்கு முன்பே தெரிகிறது. தெரிந்தும் உடம்பு நகர நேரம் போதவில்லை. தோற்கிறான். வளர்கிற வயதில், வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கிற ஒரு பையன் இந்தச் சண்டையைப் பார்த்தால் அவன் மனதில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து கராத்தேயை விட்டுப் போக இருந்த ஒரு மாணவன் பேசியது முழுக்கக் கனேடாவைப் பற்றித்தான். ஜெயித்தவன் பெயரைக்கூட அவன் சொல்லவில்லை.

செகிபயாஷி ஜுன் என்ற தொழில்முறை மல்யுத்தக்காரனையும் சொல்ல வேண்டும். எதிரே சுமோ வீரன் கியோசான். அடி வரும்போது செகிபயாஷி விலகுவதே இல்லை, நெஞ்சை முன்னால் கொடுத்து வாங்குகிறான். அடியை நேராக வாங்கி, அதன் முழு வலுவையும் பார்ப்பவனுக்குக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகும் எழுந்து நிற்பதுதான் என் தொழில் என்பது அவன் கட்சி. ஜப்பானிய மல்யுத்த உலகில் ‘அடி வாங்குவதன் அழகு’ என்று இதை நிஜமாகவே கொண்டாடுவார்கள். ‘அது எல்லாம் செட்டப்பு’ என்று ஊர் கேலி செய்கிற ஒரு தொழிலுக்கு இந்தத் தொடர் கொடுத்த மரியாதை அது. நான் இதுவரை பார்த்த அனிமே சண்டைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

உங்கள் வயதுக்காரர்களுக்கென்றே இதில் ஒருவர் இருக்கிறார். யமாஷிதா கஸுவோ, 56 வயது. அலுவலகத்தில் யாரும் மதிக்காத சாதாரணச் சம்பளக்காரர். ஒரு ராத்திரி வீடு திரும்பும் வழியில், சந்துக்குள் இரண்டு பேர் அடித்துக்கொள்வதைப் பார்க்கிறார். கால் நடுங்குகிறது, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அங்கே ஜெயித்த தொகிடா ஓமா என்ற இளைஞனுக்கே அவரைப் பொறுப்பாளராக நிறுவனம் நியமித்துவிடுகிறது. போகப் போகத் தலைக்கு மேல் கடனும் சேர்கிறது. தொடரின் கண்கள் அவருடையவை. அடிக்கு அடி முகம் சுளித்து, பயந்து, பிறகு அந்த இளைஞனுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார். இந்த அப்பாவி மனிதர் இல்லையென்றால் தொடர் வெறும் கசாப்புக் கடையாகியிருக்கும்.

ஓமாவின் பட்டப்பெயர் ‘அஷுரா’. நம்முடைய ‘அசுரர்’தான், பௌத்தத்தோடு கிழக்கே பயணப்பட்டு ஜப்பான் சேர்ந்தவர். நாரா நகரின் கோஃபுகுஜி கோயிலில் மூன்று முகமும் ஆறு கையுமாக, 734ஆம் ஆண்டில் செய்த அஷுரா சிலை ஒன்று நிற்கிறது. முகத்தில் கோபத்தைவிடத் துயரம்தான் அதிகம் தெரியும். ஓமாவுக்குப் பொருத்தமான பெயர். அவனுடைய உச்சகட்ட உத்தி, இதயத் துடிப்பைத் தானே பல மடங்கு கூட்டிக்கொள்வது. உடம்பு சிவக்கும், வேகமும் வலுவும் எகிறும். விலையாக இதயமும் நினைவும் தேயும். அந்த உத்தியின் ஜப்பானியப் பெயர் ‘ஸெங்காரி’. சம்பளத்துக்கு முன்பே வாங்கும் அட்வான்ஸுக்கு அங்கே புழங்குகிற அதே சொல். முதலாளிகளுக்காக உடம்பை விற்கிறவர்களைப் பற்றிய ஒரு கதையில் நாயகனின் பெரிய பலத்துக்கே அட்வான்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, அந்த இடத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாங்கிய கடனை உடம்பு திருப்பிக் கேட்கும் என்பதைக் கதையும் மறக்கவில்லை.

‘எந்தக் கலை பெரியது’ என்ற பழைய கேள்வியும் இதற்குள் உண்டு. 1976இல் டோக்கியோவில் மல்யுத்தக்காரர் அன்டோனியோ இனோகி, குத்துச்சண்டை வீரர் முகமது அலியோடு மோதியது அந்தக் கேள்விக்காகத்தான். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் எட்டு கலைகளின் ஆட்களை ஒரே ராத்திரியில் மோதவிட்டு யூஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டி தொடங்கியதும் அதற்காகத்தான். பெரிய உடம்புக்காரர்கள் எல்லாம் இருக்க, மெலிந்த ராய்ஸ் கிரேஸி மூன்று பேரைத் தரைப்பிடியால் அடக்கி ஜெயித்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1991இல், இதகாகி கெய்சுகே ‘பாகி’ மாங்காவைத் தொடங்கி, டோக்கியோ டோம் என்ற விளையாட்டு அரங்கின் அடியில் ஒரு ரகசிய அரங்கைக் கற்பனை செய்துவிட்டார். அதில் வரும் ஓரோச்சி தோப்போ, காளைகளோடு மோதிப் பெயர் வாங்கிய கியோகுஷின் கராத்தே நிறுவனர் மாஸ் ஓயாமாவை வைத்துப் படைக்கப்பட்டவர். கராத்தே படிக்கிற பையனுக்கு இந்த வரலாற்றைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். இது 15 வயதுக்கான தொடர் இல்லை. அமெரிக்காவில் இதற்கு டிவி-எம்ஏ என்று, வளர்ந்தவர்களுக்கான முத்திரை குத்தியிருக்கிறார்கள். நம் நாட்டில் 2021 விதிகளின்படி ஒவ்வொரு தொடருக்கும் வயதுக் குறியீடு காட்ட வேண்டும்; ‘யு/ஏ 13+’ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி இருக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் அவனுக்குத் தனி புரொஃபைல் போட்டு வயது வரம்பு வையுங்கள், உங்கள் புரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போடுங்கள். இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஆனால் அவன் ஏற்கெனவே பாதி பார்த்துவிட்டான். பூட்டைப் போட்டால் நண்பன் போனில் பார்ப்பான், அதுவும் தனியாக. அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் போர்வைக்குள் பார்ப்பதை மட்டும் இன்றோடு நிறுத்துவேன். “மீதியைப் பார்க்கணும்னா ஞாயிற்றுக்கிழமை பகலில், ஹாலில், என்கூட” என்று சொல்லிப் பாருங்கள். அவன் கூச்சப்பட்டு வேண்டாம் என்றால் விஷயம் அத்தோடு முடிந்தது. சரி என்றால், முதல் பகுதியிலிருந்து நீங்களும் பாருங்கள். ஆரம்பத்தில் கம்ப்யூட்டர் முப்பரிமாண உருவங்கள் மரப்பாச்சி போலத் தெரியும், இரண்டு மூன்று பகுதிகளில் கண்ணுக்குப் பழகிவிடும். சின்னவன் அந்த நேரம் வீட்டில் இருக்கக் கூடாது.

‘பாகி’ மட்டும் இப்போது வேண்டாம். நெட்ஃபிளிக்ஸில் 2018 முதல் வரும் தொடரில், தோல்வி என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள ஐந்து மரண தண்டனைக் கைதிகள் டோக்கியோவுக்கு வருகிறார்கள். அங்கே அரங்கம், முறை, தட்டினால் விடுவது எதுவும் இல்லை. சித்திரவதையின் பக்கம் சாய்கிற காட்சிகளும் உண்டு. எனக்கு அந்தத் தொடர் பிடிக்கும், ஆனாலும் 18 ஆகட்டும் என்றுதான் சொல்வேன். சண்டைக் கதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ‘ஹஜிமே நோ இப்போ’ காட்டுங்கள். மற்றவர்களிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு படகுக் குடும்பத்துப் பையன் குத்துச்சண்டை கற்கும் கதை. மாங்கா 1989இல் தொடங்கியது, அனிமே 2000இல் வந்தது. அடி உண்டு, ரத்தமும் கொஞ்சம் உண்டு. ஆனால் விதி உண்டு, நடுவர் உண்டு, ஒரு குத்தைக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும் என்பதையும் பொறுமையாகக் காட்டுவார்கள்.

கூட உட்கார்ந்து பார்க்கும்போது நீதி சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். செகிபயாஷி வரும் இடத்தில், “இவன் ஏன்டா விலகவே மாட்டேங்கிறான்?” என்று கேளுங்கள். ஓமா சிவக்கும்போது, “நாளைக்கு இவன் உடம்பு என்னாகும்?” என்று கேளுங்கள். கழுத்தை நெரிக்கும் இமாய் காஸ்மோ வரும்போது மட்டும் படத்தை நிறுத்திவிட்டு, தமனி எங்கே ஓடுகிறது என்று அவன் கழுத்திலேயே அவன் விரலை வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பு விரலுக்குத் தெரியும்.