நுவரெலியா பொலித்தீன் குருணையில் குமிழி ஏன்?

பழைய பசுமைக்குடில் பொலித்தீனை உருக்கி நீங்கள் எடுக்கும் குருணையில் (சிறு மணிகளில்) குமிழி வருகிறதே என்று இயந்திரத்தை மாற்ற வேண்டாம். அதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். பொலித்தீன் தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் மடிப்புக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் மலைப் பனிமூட்டத்தில் கழுவிக் கொடியில் போட்டால் வெளியே மட்டும்தான் காயும். உள்ளே நிற்கும் நீர் உருக்கும்போது ஆவியாகிக் குமிழி விடும்.

அந்தப் பொலித்தீனில் ஒரு கிலோவை நிறுத்து, 70 பாகை செல்சியஸ் சூட்டுக் காற்றில் நன்றாகக் காயவிட்டு மறுபடி நிறுங்கள். எடை குறைந்தால் ஈரம்தான். அப்புறம் சிறிதாக வெட்டி, சுழற்றிப் பிழிந்து காய வையுங்கள்.

காய்ந்த பிறகும் குமிழி வந்தால் உருக்கும் சூட்டைக் குறைத்துப் பாருங்கள்.

உரப்பையின் வெளிப்பின்னலைக் கலக்காதீர்கள். அது பொலிபுரொப்பிலீன், சுமார் 160 பாகையில்தான் உருகும். தண்ணீரில் இரண்டுமே மிதப்பதால் கையால்தான் பிரிக்க வேண்டும்.

கழுவிய நீரைத் தயவுசெய்து ஓடையில் விடாதீர்கள். கீழே லயத்துச் (தோட்டக் குடியிருப்பு) சனங்கள் அதைத்தான் குடிக்கிறார்கள்.